எப்படி வரைந்தார், எப்படி வாழ்ந்தார்?

சென்னை பெரியமேட்டில், பெரியார் நெடுஞ்சாலையின் இரைச்சலை ஒட்டி நிற்கிறது அரசு கவின்கலைக் கல்லூரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. அங்கே படிக்கும் பிள்ளைகளில் யாரையாவது நிறுத்தி, ‘இந்த வளாகத்தில் படித்தோ பாடம் நடத்தியோ பெயர் வாங்கியவர்களைச் சொல்லுப்பா’ என்று கேட்டுப்பாருங்கள். தேவிபிரசாத் ராய் சௌத்ரி, கே.சி.எஸ். பணிக்கர், தனபால், சந்தானராஜ், முனுசாமி, ஆதிமூலம், ஆர்.பி. பாஸ்கரன், தட்சிணாமூர்த்தி, டிராட்ஸ்கி மருது என்று மூச்சுவிடாமல் வரும். எல்லாரும் தகுதியானவர்கள்தான். ஆனால், அந்த வரிசையில் ஒரு பெண்ணின் பெயர் வருவதற்குள் நீங்கள் காத்திருக்கும் பஸ் வந்து போய்விடும்.

பெண்கள் அங்கே படிக்காமல் இல்லை. 1960-களின் தொடக்கத்தில் கேரளத்தின் பொன்னானிப் பக்கத்திலிருந்து வந்து படித்தவர் டி.கே. பத்மினி. சிற்பி அனிலா ஜேக்கப் அங்கே படித்தவர். பணிக்கரும் மாணவர்களும் பாத்திக் துணி செய்து விற்றுச் சேர்த்த காசில் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை எழுப்பினார்களே, அங்கே வாழ்ந்து வேலை செய்தவர்களில் அர்னவாஸும் ஒருவர். மிகக் குறைந்த கோடுகளில் ஓர் உருவத்தை நிறுத்திவிடும் பிரேமலதா சேஷாத்ரியும் அதே கல்லூரி தந்தவர். இந்தக் கல்லூரியையும் சோழமண்டலத்தையும் சுற்றி வளர்ந்த ‘மெட்ராஸ் மூவ்மென்ட்’ என்ற ஓவிய இயக்கம் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் இந்தப் பெயர்கள் பெரும்பாலும் கடைசிப் பத்தியில், ‘மேலும்’ என்ற சொல்லுக்குப் பிறகு வரும். இத்தனைக்கும் அந்த இயக்கத்தை ஆராய்ந்து முறையாக எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு பெண்: சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் கற்பித்த அஷ்ரஃபி பகத்.

பத்மினியின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஊரில் அவருக்குக் கோடு பழக்கியவர், பிற்பாடு மலையாளப் பத்திரிகை ஓவியங்களால் வீடுதோறும் தெரிந்த நம்பூதிரி. சென்னையில் படிப்பை முடித்துவிட்டு இங்கேயே பள்ளிகளில் ஓவிய ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டு வரைந்தார். மங்கிய வெளிச்சம், அடர்ந்த மரங்கள், நடுவே பெண்கள். யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல், தங்களோடு தாங்களே இருக்கும் பெண்கள். நிர்வாணமாக வரைந்திருந்தாலும் அந்த உடம்புகள் காட்சிக்கு வைத்தவைபோல் இருக்காது. 1960-களில், இருபதுகளில் இருந்த ஒரு கிராமத்துப் பெண் இதைச் செய்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். 1968-ல் சக ஓவியர் தாமோதரனை மணந்தார். அடுத்த ஆண்டு மே மாதம் பிரசவத்தில் இறந்துபோனார். முப்பது வயதைத் தொடவில்லை. பட்டம் விடும் சிறுமியை வரைந்த ஓவியம் அவருடைய கடைசி வேலைகளில் ஒன்று. மலையாளத்தில் அவர் வாழ்க்கையைப் படமாகவும் எடுத்துவிட்டார்கள். அவர் படித்த ஊரான சென்னையில் அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

பத்மினியைத் தெரியாதவர்களுக்கும் அம்ரிதா ஷெர்-கில்லைத் தெரிந்திருக்கும். இந்தியாவில் கலை படிக்கும் பெண்ணுக்கு முதலில் நீட்டப்படும் பெயர் அதுதான். 1913-ல் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். அப்பா பஞ்சாபின் பிரபுக் குடும்பத்துச் சீக்கியர், அம்மா ஹங்கேரியப் பாடகி. பதின்ம வயதிலேயே பாரிஸில் ஓவியப் படிப்பு. 1932-ல் வரைந்த ‘இளம்பெண்கள்’ ஓவியத்துக்கு அடுத்த ஆண்டே பாரிஸ் சலோனில் தங்கப் பதக்கம். இந்தியாவுக்குத் திரும்பி, அஜந்தா, மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்கள், கன்னியாகுமரி என்று தெற்கே சுற்றிவிட்டுப் போய் 1937-ல் வரைந்த ‘மணமகளின் ஒப்பனை’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்’ ஆகிய மூன்றும் இந்திய நவீன ஓவியத்தின் திருப்புமுனைகள். 1941 டிசம்பரில் லாகூரில் இறந்தபோது வயது 28. அவருடைய ‘கதைசொல்லி’ 2023-ல் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. அதுவரை எந்த இந்திய ஓவியமும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை.

இரண்டு பேருமே மகத்தான ஓவியர்கள். இரண்டு பேருமே முப்பதுக்கு முன் போய்ச் சேர்ந்தவர்கள். பெண் கலைஞர் ஒருவரைக் கொண்டாட வேண்டுமென்றால் அவர் இளமையில் இறந்திருக்க வேண்டும் என்று நாம் எங்கோ எழுதாத விதி ஒன்றை வைத்திருக்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம். அழகான புகைப்படம், அகால மரணம், கோடிகளில் ஏலம். சுவரில் மாட்டுவதற்கு இதைவிட வசதியான முன்மாதிரி கிடையாது. ஆனால் நாற்பது வயதில், முழங்கால் வலியோடு, மாதச் சம்பளத்தை எண்ணிக்கொண்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கேன்வாஸ் முன்னால் எப்படி நிற்பது என்று அம்ரிதாவாலும் பத்மினியாலும் சொல்ல முடியாது. அந்த வயதை அவர்கள் பார்க்கவே இல்லை.

இன்று கலைக் கல்லூரி வகுப்பறைகளில் பெண்பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. பெண்ணுக்கு வரைய வருமா என்ற கேள்வியெல்லாம் அவர்கள் மனதில் கிடையாது. பக்கத்து நாற்காலிப் பையனைவிடத் தனக்கு நன்றாக வரும் என்று அவளுக்கே தெரியும். படிப்பு முடிந்து பத்து ஆண்டுகள் கழித்து வரும் குழுக் கண்காட்சி அழைப்பிதழ்களைப் புரட்டினால்தான் பெண் பெயர்கள் மெலிந்துபோயிருக்கும். திறமை காணாமல் போய்விடவில்லை. கல்யாணம் நடந்தது. வாடகை வீட்டில் டர்பன்டைன் வாசனைக்கு எல்லாரும் மூக்கைப் பிடித்தார்கள். இரண்டு அறை வீட்டில் கல்லுக்கும் களிமண்ணுக்கும் இடமில்லை. வார்ப்புப் பட்டறையில் உலை எரியும் ராத்திரி முழுக்கத் தங்க வீட்டில் விடவில்லை. ‘கொஞ்ச நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தூரிகைகளைக் கட்டிப் பரணில் போட்டது அப்படியே நின்றுவிட்டது. அவளுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் இதையெல்லாம் வைத்துக்கொண்டே எப்படி வேலையைத் தொடர்வது என்பதுதான். மேடைப் பேச்சில் அதற்குப் பதில் கிடைக்காது. தொடர்ந்த ஒருவரை அருகிலிருந்து பார்த்தால் கிடைக்கும்.

துணி போர்த்திய மாடல்

பெண் முன்மாதிரிகள் ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கு வரலாற்றில் வெளிப்படையான காரணம் இருக்கிறது. நம் ஓவியப் பள்ளிகளின் பாடமுறை இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது என்பதால் அந்தக் கதை நமக்கும் சொந்தம்.

லண்டனில் 1768-ல் ராயல் அகாடமி தொடங்கியபோது நிறுவன உறுப்பினர்களில் ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்று இரண்டு பெண்கள் இருந்தார்கள். சில ஆண்டுகளில் யோஹான் சோஃபனி என்ற ஓவியர் அந்த உறுப்பினர்களைக் கூட்டமாக வரைந்தார். நிர்வாண ஆண் மாடலைச் சுற்றி எல்லாரும் நின்று பேசிக்கொண்டிருப்பதுபோல் காட்சி. பெண்கள் நிர்வாண மாடல் இருக்கும் அறையில் நிற்பது முறையல்ல என்பதால் அந்த இருவரையும் சோஃபனி ஆட்களாக வரையவில்லை. சுவரில் மாட்டிய இரண்டு உருவப்படங்களாக வரைந்து வைத்தார். உறுப்பினர்தான், ஆனால் சட்டத்துக்குள் இருந்துகொள்ளம்மா என்கிற மாதிரி.

இது வெறும் நாகரிகப் பிரச்சினை என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்தில் பெரிய ஓவியம் என்றால் புராண, வரலாற்றுக் காட்சிகள். அவற்றை வரைய உடற்கூறு தெரிய வேண்டும். உடற்கூறு தெரிய ஆளை உட்காரவைத்து வரைந்து பழக வேண்டும். அந்த வகுப்பின் கதவை மூடிவிட்டால் பெண்ணுக்கு மிஞ்சுவது பூவும் பழமும் குழந்தைகளும்தான். பிறகு நூறு வருஷம் கழித்து, ‘பெண்கள் பூவும் பழமும்தானே வரைகிறார்கள்’ என்று கேலியும் பேசலாம். 1971-ல் லிண்டா நாக்லின் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரமே இதுதான்: மேதைமை ஆகாயத்திலிருந்து இறங்குவதில்லை, அதற்குப் பள்ளியும் பயிற்சியும் அனுமதியும் வேண்டும், அவை யாருக்கு மறுக்கப்பட்டன என்று பாருங்கள் என்றார் அவர்.

ராயல் அகாடமியின் பள்ளியில் 1860-ல் லாரா ஹெர்ஃபோர்ட் என்ற பெண் நுழைந்தார். முழுப் பெயரைப் போடாமல் முதலெழுத்துகளை மட்டும் இட்டுத் தன் ஓவியங்களை அனுப்பினார். ஆண் என்று நினைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். அவருக்குப் பிறகு வேறு பெண்களும் சேர்ந்தார்கள். கலை வரலாற்றில் ஹெர்ஃபோர்டின் ஓவியங்களுக்குப் பெரிய இடமில்லை. அதனால் என்ன? முன்மாதிரி என்றால் மேதையாக இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி வேண்டாம். 1893 வாக்கில்தான் பெண் மாணவிகளுக்கு மாடல் வகுப்பு கிடைத்தது, அதுவும் இடுப்பில் துணி சுற்றிய மாடலோடு. தொடக்கத்தில் இருந்த இரண்டு பேருக்குப் பிறகு முழு உறுப்பினரான முதல் பெண் லாரா நைட்; ஆண்டு 1936. நடுவில் 168 ஆண்டுகள். பாரிஸின் அரசுக் கலைப் பள்ளியான எகோல் தெ போ-ஆர் பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது 1897-ல். அதே பள்ளியில்தான் 1930-ல் அம்ரிதா சேர்ந்தார். மாடல்களை உட்காரவைத்து அவர் வரைந்து குவித்த படங்களைப் பார்க்கும்போது, அந்த வகுப்பறை பெண்களுக்குத் திறந்து முப்பத்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

ஒரு மறுப்பு எழும். பத்மினிக்குக் கற்பித்தவர்கள் ஆண்கள்தானே? பணிக்கரும் நம்பூதிரியும் இல்லாமல் அவர் ஏது? உண்மைதான். நல்ல ஆசிரியர் ஆணா பெண்ணா என்று பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. கோடு எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் பணிக்கரைப் பார்த்து ஒரு பெண் எப்படி வரைவது என்று கற்கலாம். எந்த நேரத்தில் வரைவது, எந்த அறையில் வரைவது, யார் வாயை அடைத்துவிட்டு வரைவது என்பதைக் கற்க முடியாது.

பரோடாவில் ஒரு வரைமேசை

வாழ்ந்து, வேலை செய்து, வயதாகிய பெண் கலைஞர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். பரோடாவில் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையில் 1972 முதல் 1990-ல் இறக்கும்வரை பாடம் நடத்தினார் நஸ்ரீன் மொஹம்மதி. கராச்சியில் பிறந்து, லண்டனிலும் பாரிஸிலும் படித்தவர். சுற்றிலும் எல்லாரும் உருவங்களையும் கதைகளையும் வரைந்துகொண்டிருந்த காலத்தில் அவர் காகிதம், பென்சில், மை, வரைகருவிகள் ஆகியவற்றோடு நின்றுகொண்டார். கோடுகள். இன்னும் கோடுகள். படத்துக்குத் தலைப்பு வைக்க மாட்டார், தேதியும் போட மாட்டார். நரம்பு நோய் ஒன்று உடம்பின் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்துக்கொண்டிருந்த ஆண்டுகளிலும் அந்தக் கோடுகள் மயிரிழை பிசகவில்லை. 2016-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் ‘மெட் ப்ராயர்’ என்ற புதிய கிளையைத் திறந்தபோது தொடக்கக் கண்காட்சிகளில் ஒன்று நஸ்ரீனுடையது. உலகம் கண்டுகொள்வதற்கு முன்னால், ஒரு துறையின் தாழ்வாரத்தில் தினமும் நடந்து போன ஆசிரியை அவர். அவரிடம் படித்தவர்களில் ஆண்களும் உண்டு. கண்டிப்பையும் துறவு போன்ற உழைப்பையும் ஒரு பெண் கலைஞரிடம் பார்த்து வளர்ந்த பையனுக்கு, பிற்பாடு தன்னோடு வேலை செய்யும் பெண்ணைப் ‘பொழுதுபோக்காக வரைகிறவள்’ என்று சொல்ல வாய் வராது. பெண் முன்மாதிரி என்பது பெண்பிள்ளைகளுக்கு மட்டுமான சமாசாரம் என்று எண்ணுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அதே பரோடாவில் ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனிடம் பயின்றவர் மிருணாளினி முகர்ஜி. 1949-ல் பிறந்தவர். அப்பா சாந்திநிகேதனின் பெரும் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி என்பதை எல்லாரும் எழுதுவார்கள். அம்மா லீலா முகர்ஜி மரத்திலும் உலோகத்திலும் சிற்பம் செய்தவர், டேராடூனில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கலை கற்பித்தவர் என்பது அடிக்குறிப்பில் போய்விடும். வீட்டுக்குள்ளேயே ஒரு பெண் உளியோடு நிற்பதைப் பார்த்து வளர்ந்த குழந்தைக்குச் சிற்பி ஆவதற்குத் தனியாக யாரும் தைரியம் சொல்லியிருக்கத் தேவையில்லை. மிருணாளினி எடுத்துக்கொண்ட பொருள் கல்லும் வெண்கலமும் அல்ல, சணல் கயிறு. சாயம் தோய்த்து, கையால் முடிச்சுப் போட்டுப் போட்டு, ஆளைவிட உயரமான தெய்வ உருவங்கள்போல், விரியும் செடிகள்போல் எழுப்பினார். ஒரு சிற்பத்துக்கு மாதக்கணக்கில் முடிச்சுகள். இது கலையா கைவினையா என்று விமர்சகர்கள் தலையைச் சொறிந்தார்கள். அவர் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு சுடுமண்ணுக்குப் போனார், அதற்குப் பிறகு வெண்கலத்துக்கு. 2015-ல், டெல்லி தேசிய நவீன ஓவியக் கூடத்தில் அவருடைய முழு வாழ்நாள் வேலைகளின் கண்காட்சி திறந்த சில நாட்களில் இறந்துபோனார்.

வார்ப்புப் பட்டறைக்குள் பெண் போக முடியுமா என்று தயங்கும் மாணவிக்கு நான் சொல்லும் பெயர் மீரா முகர்ஜி. 1923-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 1950-களில் ஜெர்மனியின் மியூனிக்கில் படித்துவிட்டுத் திரும்பி வந்து, பஸ்தர் காடுகளின் உலோகக் கைவினைஞர்களிடம் உட்கார்ந்து மறுபடியும் முதல் பாடத்திலிருந்து தொடங்கினார். மெழுகு இழைகளால் உருவம் செய்து, மேலே மண் பூசி, சுட்டு மெழுகை உருக்கி ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றும் முறை அது. நம் சுவாமிமலை ஸ்தபதிகளின் மெழுகு வார்ப்புக்கு உறவுக்கார முறை. இழையின் அடையாளம் உலோகத்தில் தங்கிவிடுவதுதான் அதன் அழகு. நாடெங்கும் உலோகக் கைவினைஞர்களைத் தேடிப்போய் அவர் எழுதிய ஆய்வு நூலும் உண்டு. டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் நிற்கும் ‘கலிங்கத்தில் அசோகர்’ சிலையைத் துண்டு துண்டாக வார்த்துப் பொருத்தியவர் இவர். கற்றுக்கொள்வதற்காகக் கீழே உட்காரத் தெரிந்த சிற்பி என்பதால் எனக்கு இவர்மேல் தனிப் பிரியம்.

அர்பிதா சிங்கின் கதையை நான் எல்லாக் கலை மாணவர்களுக்கும் கட்டாயப் பாடமாக வைப்பேன். 1937-ல் வங்காளத்தில் பிறந்தவர். டெல்லி பாலிடெக்னிக்கில் ஓவியம் படித்தார். படிப்பு முடிந்ததும் நெசவாளர் சேவை மையத்தில் துணிகளுக்கு டிசைன் செய்யும் வேலை. கைத்தறிக்காக அரசு நடத்திய அந்த மையங்கள்தான் அந்தக் காலத்தில் நிறைய ஓவியர்களுக்குச் சோறு போட்டன. சென்னையில் ஆதிமூலம் வேலை பார்த்ததும் அங்கேதான். கணவர் பரம்ஜித் சிங் ஓவியர். மகளும் ஓவியரானார். 1970-களில் அர்பிதாவுக்கு வரைவது சிக்கிக்கொண்டது. உருவங்கள் வரவில்லை. அவர் தூரிகையைத் தூக்கிப் போடவில்லை. காகிதத்தில் கோடும் புள்ளியும் மட்டும் போட ஆரம்பித்தார். ஓரிரு மாதமல்ல, பல ஆண்டுகள். அந்தக் கோட்டுக்காட்டைக் கடந்து வெளியே வந்தபோது, துப்பாக்கியும் விமானமும் பூக்களும் எழுத்துகளும் நெருக்கியடிக்கும் நடுவே, தொய்ந்த உடம்போடு நடுவயதைத் தாண்டிய பெண்கள் நிற்கும் அந்தப் பெரிய ஓவியங்கள் அவருக்கு வந்தன. 2025-ல், 87 வயதில், லண்டன் செர்பன்டைன் கேலரியில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது. இந்தியாவுக்கு வெளியே ஒரு பொதுக் கலை நிறுவனம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது அதுவே முதல் முறை.

வரைவது சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? இரண்டாம் ஆண்டு மாணவிக்கு இதைவிட உயிர்போகும் கேள்வி இல்லை. ‘மனம் தளராதே’ என்று சொல்லும் பெரியவர்கள் ஆயிரம் பேர் கிடைப்பார்கள். புள்ளி வை, கோடு போடு, ஆண்டுக்கணக்கில் போடு என்று செய்து காட்டியவர் அர்பிதா.

முன்மாதிரி கிடைக்காதபோது அதைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டவர்களும் உண்டு. நளினி மலானி 1979-ல் நியூயார்க் போனபோது, பெண் கலைஞர்களே கூட்டாக நடத்தும் ஏ.ஐ.ஆர். கேலரியைப் பார்த்தார். இங்கேயும் பெண்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி வைக்கலாமே என்று தோன்றியது. கைகூட எட்டு வருஷம் ஆயிற்று. 1987-ல் நளினி மலானி, அர்பிதா சிங், நீலிமா ஷேக், மாதவி பாரேக் நால்வரும் ‘த்ரூ தி லுக்கிங் கிளாஸ்’ என்ற தலைப்பில் சேர்ந்து கண்காட்சி வைத்தார்கள். போபாலில் தொடங்கி ஊர் ஊராக 1989 வரை போனது. அந்த நால்வரில் மாதவி பாரேக் கலைக் கல்லூரி வாசலையே மிதிக்காதவர். குஜராத் கிராமத்துப் பெண். முதல் குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்த நாட்களில், ஓவியரான கணவர் கொடுத்த பால் க்லேயின் பயிற்சிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வரையத் தொடங்கியவர்.

டிராயிங் டீச்சர்

விழுப்புரத்திலோ பரமக்குடியிலோ வரையும் ஆசை வந்த பெண்குழந்தைக்கு அர்பிதா சிங்கைத் தெரியாது. அவள் கண்ணால் பார்க்கும் முதல் கலைஞர் பள்ளியின் டிராயிங் மாஸ்டர். அதிர்ஷ்டம் இருந்தால் டிராயிங் டீச்சர். நம் அரசுப் பள்ளிகளில் அந்த ஆசிரியர்களில் எத்தனையோ பேர் பகுதிநேர வேலையில், சொற்பத் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். தேர்வு நெருங்கினால் ஓவியப் பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். பத்மினி, லீலா, மீரா மூன்று பேரும் பள்ளிக்கூடத்தில் கற்பித்தவர்கள். அப்படியொரு டீச்சர் தன் சொந்த ஓவியம் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்து காட்டினால், பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் தானும் வரைந்தால், அது எந்தப் புகழ்பெற்றவரின் புகைப்படமும் செய்யாத வேலையைச் செய்யும். சுற்றறிக்கைகளும் பதிவேடுகளும் அந்த அரை மணி நேரத்தை அவருக்கு விட்டுவைப்பதில்லை என்பதுதான் சோகம்.

மார்ச் 8 வந்தால் மட்டும் மகளிர் ஓவியக் கண்காட்சி வைத்துவிட்டு, மீதி நாட்களில் நடுவர் குழுவில் ஐந்து ஆண்களை உட்காரவைக்கும் பழக்கமும் நமக்கு உண்டு. இன்னொன்று, கோலம். ‘வாசலில் கோலம் போடும் ஒவ்வொரு தாயும் ஓவியரே’ என்று மேடையில் முழங்குவது சுலபம். யாருக்கும் காலணா செலவில்லை. பெண்களின் வீட்டுச் சுவர்க் கலையிலிருந்து வந்த ஒருவரைக் கலைஞராகவே மதிப்பதென்றால் எப்படியிருக்கும் என்பதற்கு மிதிலையின் கங்கா தேவியைப் பார்க்கலாம். அமெரிக்கா போய்வந்து ரோலர் கோஸ்டரை மிதிலைக் கோட்டில் வரைந்தார். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றபோது மருத்துவமனையையே வரிசையாக வரைந்து வைத்தார். 1984-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மரபைக் கையில் வைத்துக்கொண்டு தன் காலத்தை வரைந்த கலைஞர் என்றுதான் அவரைப் பாடத்தில் வைக்க வேண்டும்.

தூரத்தில் தேட வேண்டியதும் இல்லை. திருவண்ணாமலையில் பிறந்து, பெரியமேட்டுக் கல்லூரியிலேயே படித்தவர் பெனிதா பெர்சியால். சாம்பிராணி, மரப்பட்டைத் தூள், வாசனைப் பொருட்கள் கலந்து உருவங்கள் செய்கிறவர். 2014 கொச்சி-முசிறிஸ் பியனாலேயில் அவருடைய கிறிஸ்தவச் சிற்பங்கள் இருந்த அறைக்குள் நுழைந்தவர்கள் கண்ணுக்கு முன்னால் மூக்கால் பார்த்தார்கள். அதே பியனாலே 2018-ல் அனிதா துபேயை முதல் பெண் க்யூரேட்டராக அமர்த்தியது; பங்கேற்ற கலைஞர்களில் பாதிக்கும் மேல் பெண்கள். யார் தேர்ந்தெடுக்கிறார் என்பது மாறியதும் யார் தேர்வாகிறார் என்பதும் மாறிவிட்டது. சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கொச்சி ஒரு ராத்திரி ரயில் தூரம்தான். கல்லூரிகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

பெண் கலைஞர்களைக் கல்லூரிக்கு அழைக்காமலும் இல்லை. ஆண்டு விழாவுக்கு அழைப்பார்கள், குத்துவிளக்கு ஏற்றச் சொல்வார்கள், ‘உங்கள் தூண்டுதல் எது?’ என்று ஒரு மாணவி எழுதிவைத்த கேள்வியைப் படிப்பாள், அவரும் இயற்கை என்றோ அம்மா என்றோ சொல்லிவிட்டுப் போவார். கேட்க வேண்டியவை வேறு. முதல் ஸ்டூடியோவுக்கு வாடகை எவ்வளவு கொடுத்தீர்கள், பணம் எங்கிருந்து வந்தது? விற்காத ஓவியங்களை எங்கே அடுக்கி வைக்கிறீர்கள்? குழந்தை சின்னதாக இருந்தபோது எந்த நேரத்தில் வரைந்தீர்கள், அந்த நேரத்தில் குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள்? ஒன்றுமே வரையாத வருஷம் உண்டா, அதிலிருந்து எப்படி வெளியே வந்தீர்கள்? கேலரிக்காரர் எவ்வளவு கமிஷன் எடுக்கிறார்? பாதி விலைக்குக் கேட்டவரிடம் என்ன சொன்னீர்கள்? மாடலை உட்காரவைத்து வரைந்தபோது வீட்டில் சண்டை வந்ததா? பையன்களும் கேட்கட்டும், வாடகையும் கமிஷனும் அவர்களுக்கும் உண்டு. பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் போகும் நேரத்தைக் கொஞ்சம் குறைத்தால் இவ்வளவையும் ஒரே மதியத்தில் கேட்டுவிடலாம்.